ஏர்வாடிக்குப் போவதா, டாக்டரிடம் போவதா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவரின் சித்தப்பா மகனுக்கு 24 வயது. ஆறு மாதமாகத் தனக்குத்தானே பேசுகிறான், சாப்பாட்டில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறான். டாக்டர் மனச்சிதைவு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். சித்தியோ ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்க வைத்தால்தான் சரியாகும் என்கிறார். அங்கேயே அரசு டாக்டரும் பார்க்கிறாராம், ‘தவா-துவா’, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், என்று திட்டமே இருக்கிறதாம். “மதமும் மருத்துவமும் இப்படிச் சேர்ந்து வேலை செய்வதில் பலன் உண்டா, இல்லை மூடநம்பிக்கைக்கு அரசாங்கம் குத்திய முத்திரையா?” என்பது கேள்வி.

மனநல சமூகப் பணியாளராகத் தென் மாவட்டங்களில் பல வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். போகலாம். மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு, வேளை தவறாமல் கொடுத்துக்கொண்டு, சித்தியோ வேறு யாரோ ராத்திரி பகல் கூடவே இருப்பதாக இருந்தால் போகலாம். பையனை அங்கே யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவதாக இருந்தால் போகவே வேண்டாம். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

இந்த விஷயத்தில் வாதம் செய்பவர்கள் எல்லாரும் இரண்டே ஆட்களை நிறுத்தி வைத்துப் பேசுகிறார்கள். ஒரு பக்கம் பூசாரி, தர்காவில் ஓதுகிற லெப்பை, பாதிரியார். இன்னொரு பக்கம் டாக்டர். இருவரும் எதிரிகளா கூட்டாளிகளா என்பதுதான் பேச்சு. நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. அவர் ஓதுவதும் இல்லை, ஊசி போடுவதும் இல்லை. நீண்ட நாள் தங்க வருகிற நோயாளிக்கு இடம் கொடுத்து, சோறு போட்டு, மாதம் இவ்வளவு என்று குடும்பத்திடம் வாங்கிக்கொள்பவர். “நீங்க ஊருக்குப் போங்க, நாங்க பாத்துக்கிறோம்” என்று சொல்பவர். நான் பார்த்தவரை, நடந்த அநியாயங்களில் பெரும்பங்கு இந்த இடத்தில்தான் நடந்திருக்கிறது.

2001 ஆகஸ்ட் 6 அன்று விடிவதற்கு முன்னால் ஏர்வாடியில் என்ன நடந்தது என்று பலருக்கு நினைவிருக்கும். ஒரு கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே 40-க்கும் மேற்பட்ட நோயாளிகள், பெரும்பாலோர் சங்கிலியில். ஓட வழியில்லாமல் 25 பேர் அன்றே கருகிப்போனார்கள், பிறகு எண்ணிக்கை 28 ஆனது. நாடு முழுக்க ‘ஏர்வாடி தர்கா தீ’ என்றே பேசினார்கள், இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் தீப்பிடித்தது தர்காவில் அல்ல. தர்காவை நம்பி வருகிறவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு வைத்திருந்த தனியார் இல்லங்களில் ஒன்றில். அடுத்த ஒரு வாரத்துக்குள் அந்த மாதிரி இல்லங்களை எல்லாம் மூடினார்கள். அங்கிருந்த 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தார்கள். ஒரு சிறிய கடலோர ஊரில் அத்தனை பேர் அப்படிக் கிடந்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

இதில் தர்காவுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கண்ணெதிரே நடந்ததைத் தடுக்கவில்லை என்ற பொறுப்பு உண்டு. மாவட்ட நிர்வாகத்துக்கும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பணம் கட்டிவிட்டுப் போன குடும்பங்களுக்கும், சொல்லக் கசப்பாக இருந்தாலும், உண்டு.

உச்ச நீதிமன்றம் அந்தச் செய்தியைப் பார்த்துத் தானாகவே வழக்கை எடுத்தது. 2002 பிப்ரவரியில் கொடுத்த உத்தரவில், சங்கிலியில் கட்டுவது சட்டவிரோதம் என்பதையும், மனநோயாளிகளை டாக்டர்களிடம்தான் அனுப்ப வேண்டும், கோயில் தர்கா போன்ற இடங்களுக்கு அல்ல என்பதையும் கிராமம் வரை எடுத்துச் சொல்லுங்கள் என்று மத்திய, மாநில அரசுகளுக்குச் சொன்னது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு அரசு மனநல மருத்துவமனையாவது இருக்க வேண்டும் என்றும் சொன்னது. உத்தரவில் ஒரு குற்றமும் காண முடியாது. ஆனால் ஜனங்கள் போவதை நிறுத்தவில்லை. பல வருடம் கழித்து அரசே அந்த தர்காவுக்குப் பக்கத்தில் டாக்டரை உட்கார வைக்கும் நிலைமை வந்தது. ‘அங்கே போகாதே’ என்று சொன்ன அரசு ‘சரி, அங்கேயே நாங்களும் வருகிறோம்’ என்று இறங்கி வந்த கதைதான் உங்கள் சித்தி சொல்கிற தவா-துவா.

ஏன் இறங்கி வர வேண்டியிருந்தது? படிப்பில்லாத ஜனங்கள், மூடநம்பிக்கை என்று சொல்லி முடித்துவிடலாம், சுலபம். ஆனால் படித்தவர்களையும் அங்கே பார்த்திருக்கிறேன், வங்கி மேலாளரின் மனைவி உட்பட. தென்னிந்தியாவில் மனநல சிகிச்சைக்கு வந்த 198 பேரிடம் விசாரித்து 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், 45 சதவீதம் பேர் ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே சமயவழி வைத்தியம் பார்த்தவர்கள். ஆக தர்காவுக்குப் போகிறவர் வேறு, டாக்டரிடம் போகிறவர் வேறு என்பதே தப்புக் கணக்கு. இரண்டும் ஒரே குடும்பம். திங்கட்கிழமை ஓ.பி. சீட்டு, வெள்ளிக்கிழமை ஓதிய தண்ணீர். டாக்டரிடம் இதைச் சொல்ல மாட்டார்கள், திட்டுவார் என்று பயம். லெப்பையிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள், நம்பிக்கை குறைவு என்று நினைப்பாரோ என்று பயம். இரண்டு பேரிடமும் பாதிப் பாதி உண்மை.

அப்புறம் டாக்டர் எங்கே இருக்கிறார் என்ற கேள்வி. 2015-16-ல் பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்தது, சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேர் வரை, நோயைப் பொறுத்து, சிகிச்சையே பெறவில்லை என்று காட்டியது. மனநல மருத்துவர்கள் இந்த நாட்டில் லட்சம் பேருக்கு ஒருவர் கூட இல்லை, முக்கால்வாசி ஆள்தான். முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கும் அம்மாவுக்கு டாக்டர் என்றால் பஸ், வரிசை, மூன்று நிமிடம், ஒரு மாதத்து மாத்திரை. தர்கா என்றால் எப்போது போனாலும் திறந்த வாசல், எத்தனை நாள் வேண்டுமானாலும் உட்காரலாம், பக்கத்தில் இதே கஷ்டத்தோடு இன்னொரு அம்மா. சாதி கேட்பதில்லை, மதம் கேட்பதில்லை. ஏர்வாடிக்கு வருகிறவர்களில் இந்துக்கள் ஏராளம். தூத்துக்குடி மாவட்டம் புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்கும் மூன்று மதத்துக்காரர்களும் வருகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை டாக்டர்கள் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘செய்வினை’ என்று சொன்னால் குற்றம் வெளியே போய்விடுகிறது. பையன் கெட்டவன் இல்லை, வளர்த்தவள் மோசமானவள் இல்லை, யாரோ செய்தது. ‘மனச்சிதைவு’ என்று சொன்னால் அந்தச் சொல் பையன் மேலேயே ஒட்டிக்கொள்கிறது, தங்கையின் கல்யாணம் வரைக்கும் துரத்துகிறது. எந்த விளக்கம் உண்மை என்பது ஒரு கேள்வி. எந்த விளக்கத்தோடு ஒரு தாய் ராத்திரி தூங்க முடியும் என்பது வேறு கேள்வி. இரண்டாவது கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர் வாசலில்தான் கூட்டம் நிற்கும்.

சரி, கோயிலில் தங்குவதால் உண்மையிலேயே ஏதாவது ஆகிறதா? இதைப் பரிசோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2000-ல் வந்தவுடனும், கிளம்பும்போதும் அளந்து பார்த்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. கூடவே குடும்பத்தில் ஒருவர். சராசரியாக ஆறு வாரம். மருந்து கிடையாது. பேயோட்டும் சடங்கு என்று விசேஷமாக ஒன்றும் கிடையாது. காலையில் கால் மணி நேரப் பூஜை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இது வந்ததும் ஒரு சாரார் ‘பார்த்தீர்களா, சாமி மருந்துக்குச் சமம்’ என்று கிளம்பிவிட்டார்கள்.

அப்படி இல்லை. 31 பேர் சின்ன எண்ணிக்கை. கோயிலுக்குப் போகாத இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் கிளம்பி வருகிறார்கள், உச்சத்திலிருந்து கொஞ்சம் இறங்குவது தானாகவும் நடக்கும். ஊர் திரும்பிய பிறகு என்ன ஆனார்கள் என்பதும் அதில் இல்லை. ஆனால் ஒன்றை அந்த ஆய்வு காட்டியது, எனக்கு அது போதும். அடி இல்லாத, கூடவே சொந்த மனிதர் இருக்கிற, செய்ய ஒரு வேலை இருக்கிற அமைதியான இடம் நோயாளிக்குக் கெடுதல் செய்வதில்லை, நல்லதும் செய்யக்கூடும்.

இது ஆஸ்பத்திரிக்காரர்களுக்கே தெரிந்த விஷயம்தான். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்துக்குள் கூடாரம் போட்டு நோயாளிகளின் குடும்பங்களைக் கூடவே தங்க வைத்தார். அதே பத்தாண்டில் வேலூர் சி.எம்.சி.யும் குடும்பத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கும் முறையை எடுத்துக்கொண்டது. உலகத்தில் மற்ற இடங்களில் நோயாளியைச் சுவருக்குள் வைத்துக் குடும்பத்தை வெளியே நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. கோயில் மண்டபத்தில் பாயை விரித்துப் படுத்த தாய்மார்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது குணசீலத்துக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த உதாரணம். திருச்சியிலிருந்து முசிறி போகும் சாலையில், காவிரிக் கரையில் பிரசன்ன வெங்கடாசலபதி கோயில். மனக்கோளாறு உள்ளவர்களை 48 நாள், ஒரு மண்டலம், தங்க வைப்பது வழக்கம். உச்சிக்காலப் பூஜையிலும் அர்த்தஜாமப் பூஜையிலும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். ஏர்வாடித் தீக்குப் பிறகு அந்தக் கோயில் செய்த காரியம் முக்கியமானது. வருகிறவர்களை மண்டபத்தில் கிடக்கவிடாமல், தங்குவதற்கென்று மறுவாழ்வு மையம் கட்டி, அரசு அனுமதி வாங்கி, மனநல மருத்துவர் வந்து பார்க்கவும் ஏற்பாடு செய்தது. அதாவது அந்த மூன்றாவது ஆளின் இடத்தைக் கோயிலே எடுத்துக்கொண்டது, சட்டத்துக்குள் வந்து எடுத்துக்கொண்டது. தற்செயலோ என்னவோ, மாவட்ட மனநலத் திட்டம் 1996-97-ல் நாட்டிலேயே முதன்முதலாக ஆரம்பித்த நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. டாக்டர்கள் கிராமத்துக்குப் போவது அங்கே பழகிய விஷயம்.

48 நாள் கணக்கையும் கொஞ்சம் கவனியுங்கள். மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மாத்திரை போட்டவுடன் வேலை செய்யாது. தூக்கமும் படபடப்பும் முதல் சில நாளிலேயே கொஞ்சம் அடங்கும். காதில் கேட்கும் குரலும் சந்தேகமும் குறைய இரண்டு வாரம் முதல் ஆறு வாரம் வரை ஆகும். குடும்பம் பத்து நாள் பார்த்துவிட்டு ‘இந்த டாக்டர் சரியில்லை’ என்று மாத்திரையை நிறுத்திவிடும். கோயில் என்ன சொல்கிறது? ஒரு மண்டலம் பொறுத்திரு என்கிறது. அந்தப் பொறுமையை எந்த டாக்டரும் மூன்று நிமிடத்தில் வாங்கிவிட முடியாது. மாத்திரையும் மண்டலமும் ஒன்றாக ஆரம்பித்தால், விரதம் முடியும்போது மருந்தும் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும். குணமான பெருமை பெருமாளுக்குப் போகும். போகட்டும், எந்த டாக்டருக்கும் அதில் நஷ்டமில்லை. ஒரே ஆபத்து, பெருமை முழுக்கப் பெருமாளுக்குப் போனதும் ‘இனி மாத்திரை எதற்கு’ என்று நிறுத்துவார்கள். இதைப் பிறகு சொல்கிறேன்.

தவா-துவா என்ற பெயர் குஜராத்திலிருந்து வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. மெஹ்சாணா மாவட்டத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாதார் தர்கா. ஏர்வாடி மாதிரியே பேய் பிடித்தவர்கள், மனம் கலங்கியவர்கள் கூட்டம் கூட்டமாக வருகிற இடம். 2008-ல் ஆல்ட்ருயிஸ்ட் என்ற தொண்டு நிறுவனமும் குஜராத் அரசும் சேர்ந்து தர்கா வளாகத்திலேயே மனநல கிளினிக் திறந்தார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக ஓதுகிறவர்கள் முஜாவர்கள். அவர்களுக்கு முதலில் சந்தேகம், நம் பிழைப்பில் மண்ணைப் போட வந்திருக்கிறார்கள் என்று. நியாயமான சந்தேகம்தான். ‘ஓதுவதை நிறுத்துங்கள்’ என்று யாரும் சொல்லவில்லை என்பது புரியவே நாளானது. எந்த அறிகுறி இருந்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். முஜாவரே ‘நான் ஓதுகிறேன், நீ இந்த மருந்தையும் சாப்பிடு’ என்று சொன்னால் அந்தக் குடும்பம் மறுபேச்சுப் பேசாது. டாக்டர் நூறு முறை சொல்வதும் இவர் ஒரு முறை சொல்வதும் ஒன்று. அதைப் பார்த்துத்தான் தமிழக அரசும் ஏர்வாடியில் அதே பெயரில் ஆரம்பித்தது.

இந்த ஏற்பாட்டைக் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டு பக்கத்திலும். பகுத்தறிவு பேசுகிறவர்கள் ‘பேயோட்டும் இடத்துக்கு அரசு டாக்டரை அனுப்பினால் பேய்க்கு அரசு அங்கீகாரம் கொடுத்த மாதிரி’ என்கிறார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. ரயில் நிலையத்தில் காசநோய் விழிப்புணர்வு முகாம் போட்டால் ரயிலுக்கா சான்றிதழ் கொடுக்கிறோம்? ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே போகிறோம். மானுடவியல் படித்தவர்கள் சொல்கிற குறைதான் யோசிக்க வைக்கிறது. ‘நீங்கள் தர்காவோடு சேரவில்லை, தர்காவின் கூட்டத்தை வைத்து மாத்திரை விநியோகிக்கிறீர்கள். முஜாவர் உங்கள் கையாள் ஆகிவிட்டார், அவரிடமிருந்து நீங்கள் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை’ என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. நான் உட்கார்ந்த பயிற்சிக் கூட்டங்களில் எல்லாம் நாங்கள் பேசினோம், அவர்கள் கேட்டார்கள். ஒரே ஒரு முறை ஒரு வயதான லெப்பை எழுந்து, “உங்ககிட்ட வந்த புள்ள திரும்பி வரலேன்னா நீங்க தேடிப் போவீங்களா? நான் போவேன்” என்றார். எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

சேர்ந்து வேலை செய்தால் மருத்துவ ரீதியாகப் பலன் உண்டா என்பதை ஆப்பிரிக்காவில் ஒழுங்காகச் சோதித்திருக்கிறார்கள். நைஜீரியாவிலும் கானாவிலும் நாட்டு வைத்தியர்கள், சமய வைத்தியர்கள் இடங்களில் தங்கியிருந்த 307 பேர். ஒரு பகுதிக்கு வழக்கமான முறை. இன்னொரு பகுதிக்கு, ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர்கள் அந்த வைத்தியர் இடத்துக்கே அடிக்கடி போய் மருந்தும் கொடுத்து, அவரோடு கலந்து பேசியும் பார்த்தார்கள். 2020-ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. நோய்க்குறி மதிப்பெண் இரண்டு பகுதியிலும் 107, 109 என்ற அளவில் தொடங்கியது. ஆறு மாதத்தில், சேர்ந்து பார்த்த பகுதியில் 53 ஆகவும் மற்றதில் 68 ஆகவும் இறங்கியது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2018-ல் வெளியான இன்னொரு ஆய்வு. கானாவில் ஒரு ஜெப முகாம், 139 பேர். பாதிப் பேருக்கு ஜெபத்தோடு மருந்தும், மீதிப் பேருக்கு ஜெபம் மட்டும். ஆறு வாரத்தில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு நோய்க்குறி தெளிவாகக் குறைந்தது. ஆனால் சங்கிலியில் கிடந்த நாட்களின் எண்ணிக்கை இரண்டு பக்கத்திலும் பெரிய வித்தியாசமில்லை! ஆள் தெளிந்துவிட்டார், சங்கிலி கழறவில்லை. சங்கிலி நோய்க்காகப் போட்டதாக இருந்தால் நோய் குறைந்ததும் கழன்றிருக்க வேண்டும். அது ஆள் பற்றாக்குறைக்காகவும், ஓடிவிடுவான் என்ற பயத்துக்காகவும், பழக்கத்துக்காகவும் போட்டது. மருந்து அதைக் கழற்றாது. சட்டமும், தினமும் வந்து பார்க்கிற கண்களும்தான் கழற்றும்.

சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-வது பிரிவு, எந்த விதத்திலும் எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. கோயிலா, ஆஸ்பத்திரியா என்ற பேதமில்லை. இருந்தும் உத்தரப் பிரதேசத்தில் பதாவுன் என்ற ஊரில் ஒரு சமய இடத்தில் நோயாளிகளைக் கட்டி வைத்திருந்த விவகாரம் 2019 ஜனவரியில் மறுபடி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏர்வாடிக்குப் பதினேழு வருடம் கழித்து அதே கேள்வி.

கூட்டு வேலையில் நடைமுறையில் எது உதவுகிறது என்று கேட்டால் பெரிய பெரிய விஷயங்களைச் சொல்ல மாட்டேன். ஒன்றைச் சொல்கிறேன். சில பழைய மனநல மருந்துகளை ஆரம்பித்த முதல் சில நாளில் சிலருக்குக் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு தடிக்கும். பார்க்கவே பயமாக இருக்கும். மருந்தின் பக்கவிளைவு, ஒரு ஊசியில் நிமிடங்களில் சரியாகும். ஆனால் தர்கா வாசலில் அது நடந்தால் எல்லாரும் என்ன நினைப்பார்கள்? ஜின் திமிறுகிறது என்றுதான். மருந்து ஜின்னைக் கிளப்பிவிட்டது என்று அன்றோடு மாத்திரை நிற்கும். இதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்கும் லெப்பை ஒருவர் “இது மருந்தோட வேலை, டாக்டர்கிட்ட ஓடு” என்று சொன்னால் அந்தப் பையன் தப்பித்தான். பத்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம்.

நோன்பும் விரதமும் இன்னொன்று. லித்தியம் என்ற மருந்து சாப்பிடுகிறவர் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். நோன்பு வைக்கலாமா என்று டாக்டர் சொல்வதைவிட, நோயாளிக்கு விலக்கு உண்டு என்று பள்ளிவாசல் ஹஸ்ரத் சொல்வதுதான் எடுபடும். அதனால் ரமலானுக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு முறை பேசிக்கொள்வது நல்லது.

பேய் என்று வருவதெல்லாம் மனநோயும் இல்லை. வலிப்பு, தைராய்டு, மூளைக் காய்ச்சல் எல்லாம் அதே வேஷத்தில் வரும். குழந்தை பெற்ற சில நாளில் ஒரு பெண் திடீரென்று தூக்கமில்லாமல் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால் அது அவசரம், தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து, எந்தக் கோயிலிலும் ஒரு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது. மருத்துவர்கள் பூசாரிகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான். பேய் உண்டா இல்லையா என்ற விவாதம் வேண்டியதில்லை.

கூடாத காரியம் ஒன்று. மாத்திரையைப் பொடித்துத் தீர்த்தத்திலோ, தர்காவில் தரும் பிரசாதமான தப்ருக்கிலோ கலந்து தெரியாமல் கொடுப்பது. நல்லெண்ணத்தில் செய்கிறவர்கள் உண்டு, நானே ஒரு காலத்தில் கண்டும் காணாமல் இருந்திருக்கிறேன். உங்கள் தம்பி விஷயத்தில் கூடவே கூடாது. சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள் என்பதுதான் அவன் பயமே. ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் அவன் பயம் நிஜமாகிவிடும். பிறகு அவன் அம்மா கையில் தண்ணீர் கூட வாங்க மாட்டான்.

இனி உங்கள் வீட்டு விஷயம். சித்தியோடு சண்டை போடாதீர்கள். ‘சித்தி, போவோம், நானும் வருகிறேன்’ என்று சொல்லுங்கள். அதற்கு முன்னால் தம்பியிடம் கேளுங்கள், அவனுக்கு 24 வயது. அவனுக்கே போக ஆசை இருக்கலாம், பயமும் இருக்கலாம். வர மாட்டேன் என்றால் தூக்கிப்போட்டுக்கொண்டு போவது சரியில்லை. இப்போது பார்க்கும் டாக்டரிடம் போய், ‘ஏர்வாடியில் இத்தனை நாள் இருப்போம்’ என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நல்ல டாக்டராக இருந்தால் திட்ட மாட்டார், அத்தனை நாளுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்து, கழுத்து இழுத்தால் என்ன செய்வது என்றும் சொல்லி அனுப்புவார். சீட்டை இரண்டு பிரதி எடுத்து ஒன்றை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஏர்வாடியில் மனநல மருத்துவர் எந்தெந்த நாளில் பார்க்கிறார் என்று ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரித்துவிட்டு, போன முதல் வாரமே காட்டிவிடுங்கள்.

தங்கும் இடத்தை நீங்களே போய்ப் பாருங்கள். ராத்திரி வெளியே பூட்டுகிறார்களா, ஜன்னல் இருக்கிறதா, கழிப்பறைக்குத் தானாகப் போக முடியுமா என்று பாருங்கள். “நீங்க இருக்க வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்” என்று யாராவது சொன்னால் அந்த இடம் வேண்டாம். சங்கிலியையோ கயிற்றையோ கண்டால் பேசிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள், கிளம்பிய கையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் புகாரும் எழுதுங்கள்.

ஏர்வாடியில் ‘உத்தரவு’ கிடைத்தது என்பார்கள். கனவில் அந்த தர்காவில் அடங்கியிருக்கும் பாதுஷா வந்து இனி நீ வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வது. அது கிடைக்கிற நாள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷமான நாள், தம்பிக்கும்தான். நான் மேலே சொன்ன ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. குணமாகிவிட்டது என்ற நிம்மதியில் மாத்திரைப் பை அந்த அறையிலேயே கிடக்கும். நிறுத்திய சில வாரமோ சில மாதமோ கழித்துக் குரல்கள் திரும்ப வரும், இந்த முறை ‘தர்காவும் கைவிட்டது’ என்ற பாரத்தோடு வரும். அதனால் கிளம்பும் அன்று லெப்பையிடமே தம்பியைக் கூட்டிப்போய், “மாத்திரையை டாக்டர் சொல்ற வரைக்கும் விடாதே”ன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க என்று கேளுங்கள். முதல் முறையாக நோய் வந்தவர்களுக்குப் பொதுவாக ஒரு வருடமாவது, பல பேருக்கு அதற்கும் மேல், மருந்து தேவைப்படும். எப்போது குறைப்பது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஊரில் நடு ராத்திரி ஏதாவது என்றால் 14416, டெலி-மானஸ். 2022 முதல் இருக்கிறது, காசு இல்லை, தமிழில் பேசலாம். சித்தியின் போனில் அந்த எண்ணை இன்றைக்கே பதிந்து வையுங்கள்.